புகையை மட்டும்தான் பார்ப்பார்கள்

எங்கள் மச்சானுடைய காரில் செருப்போடு யாரும் ஏற முடியாது. ராத்தாவுக்கும் அதுதான் சட்டம், எனக்கும் அதுதான், வீடு தேடி வருகிற பெரிய மனிதர்களுக்கும் அதுதான். கதவைத் திறந்ததும் சீட்டில் பக்கவாட்டாக உட்கார வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். இரண்டு காலையும் ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்த பிறகுதான் உள்ளே எடுக்கலாம். செருப்பைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு சொப்பிங் பேக் கதவில் செருகியிருப்பார். கல்யாண வீட்டுக்குப் பட்டும் பொன்னுமாகப் போகிறவர்கள்கூட மடியில் செருப்புப் பையை வைத்துக்கொண்டு போவார்கள். கல்முனையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மணல் இல்லாத கார் வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? அவர் நடத்திக் காட்டினார். அவருடைய காலும் உள்ளே வெறுங்கால்தான்.

மச்சான் என்றால் என் ராத்தாவின் மாப்பிள்ளை, அக்காவின் புருஷன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி வந்தவர் அவர். பிறகு எனக்கும் அதே வளவில் வீடு கட்டித் தந்தார்கள். நடுவில் ஒரு மதில். என் வீட்டுக்காரர் கட்டாரில் இருந்ததால் ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, மௌத்து வீடு என்று எங்கே போவதானாலும் எனக்கும் அந்தக் கார்தான். நான் கணிதம் படிப்பிக்கிறவள். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலமாகிவிட்டது. இப்போதும் மதிலுக்கு அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால், என் கை தானாகச் செருப்புக்குக் குனிகிறது.

அவரிடம் ஒரு பேச்சு இருந்தது. எதைப் பற்றிக் கதைத்தாலும் கடைசியில் அங்கே வந்து நிற்பார். "பாஸ்தானே டீச்சர்? மறுகா என்ன?" பாஸ் என்றால் அதற்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு.

கார் வாங்கிய புதிதில் அந்தப் பேச்சில் குற்றம் காண ஒன்றும் இருக்கவில்லை. சவூதியில் உழைத்த காசைக் கொண்டுவந்து பசாரில் ஹார்ட்வெயார் கடை போட்டார், மிஞ்சியதில் அந்த வெள்ளைக் காரை வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார்தான், ஆனாலும் எங்களுக்குப் புதிது. ஓட்டோ கியர். "வலது காலுக்கு மட்டும்தான் வேல. இடது கால் சும்மா கிடக்கும், ராசா மாதிரி," என்று வாங்கிய அன்றே எல்லோருக்கும் விளக்கினார். காருக்கு வருடாந்த வரிப் பத்திரம் எடுப்பதற்கு முன் புகைச் சோதனை செய்ய வேண்டும். சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, புகையில் என்ன இருக்கிறது என்று கம்பியூட்டரில் பார்த்து ஒரு கடதாசி தருவார்கள். ஆரம்ப வருடங்களில் அவர் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போய்விட்டு வந்துவிடுவார்.

எனக்கு இலக்கத்தைப் பார்க்கிற வியாதி. எல்லோரும் பாஸ் என்ற எழுத்தைப் பார்த்தால் நான் அதற்கு மேலே இருக்கும் எண்களைப் பார்ப்பேன்.

"போன வருஷத்த விடக் கூடிரிக்கி மச்சான்."

"பாஸ்தானே?"

"பாஸ்தான். ஆனா கூடிரிக்கி."

"வயசு போனா எல்லாருக்கும் கூடும். ஒங்கட தலையிலயும் நரை கூடிரிக்கி. அதுக்காகப் பள்ளிக்கூடத்தால கலைச்சுப்போட்டாங்களா?"

ராத்தா குசினிக்குள் இருந்து சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். அதற்கடுத்த வருடம் எல்லைக்குக் கிட்டப் போய் நின்றது. அதுவும் பாஸ்தான்.

ஒரு வருடம் ஃபெயில் ஆனது. அன்றைக்கு அவர் கடையைத் திறக்கவில்லை. பிள்ளை சோதனையில் கோட்டை விட்ட வீட்டைப் போல ராத்தா வீடு அமைதியாகக் கிடந்தது. மறுநாளே வித்தை படித்துக்கொண்டு வந்துவிட்டார். ஊரெல்லாம் செய்கிற வித்தைதான். சோதனைக்கு முதல் நாள் கராஜுக்குக் கொண்டுபோனால் பெற்றோல் போகிற அளவைத் திருகிக் குறைத்துவிடுவார்கள். அன்றைக்குக் கார் இழுக்காது, பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் புகை சுத்தமாக இருக்கும். பாஸ் ஆனதும் திரும்பப் பழைய அளவுக்கே திருகி வைத்துவிடலாம். இன்னொரு வித்தை, இன்ஜினைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் நிறுத்துவது. சூடான இன்ஜினில் புகை குறையும். அதனால் சோதனை நாளில் காரைதீவு, நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனை வரைக்கும் விரட்டிக்கொண்டு போய், அங்கே காரைத் திருப்பிக்கொண்டு, அதே வேகத்தில் கல்முனைக்குத் திரும்பி வருவார். வரிசையில் ஆட்கள் நின்றால் இறங்கிப் போய்க் கெஞ்சுவார். "கொஞ்சம் முன்னுக்கு விடுங்க தம்பி. சூடு ஆறப்போகுது." வீட்டுக்குச் சோறு கொண்டு போகிறவர் கதைக்கிற மாதிரி இருக்கும்.

சோதனைக்கு முதல் நாள் கணக்குகளை விடையோடு பாடமாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். சோதனை முடிந்த மறுநாள் அதே கணக்கைப் பலகையில் எழுதினால் புதுமுகத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை கெட்டுப்போனது. மச்சானை நான் என்ன சொல்லித் திட்டுவது?

அவர் காரை மட்டும் அப்படி வைத்திருக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வீடு கட்டவேண்டி வந்தது. வீடு இல்லாமல் எங்கள் ஊரில் பேச்சு நகராது. சுவர் எழும்பியது, கூரை போட்டாகிவிட்டது, பூச்சுக்குக் காசு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற தேதியும் வந்துவிட்டது. மச்சான் முன்சுவரையும் மண்டபத்தையும் மட்டும் பூசி, நல்ல வெளிர்பச்சையில் பெயிண்ட் அடித்தார். பின்பக்கம் முழுக்கப் பூசாத பச்சைக் கல்.

"பாக்க வாறவங்க குசினிக்கா போகப்போறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

வந்தார்கள். பலகாரம் வைத்தோம், கதைத்தோம், எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மாப்பிள்ளையின் மாமி எழும்பி, "ஒளு எடுக்கணும், தண்ணி எங்க இரிக்கி?" என்று கேட்டபடி யாருடைய பதிலுக்கும் காத்திராமல் நேராகப் பின்பக்கம் நடந்துவிட்டார். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுதுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். "முன்னுக்கு நல்லா இரிக்கி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணம் நடந்தது. பின்சுவர் பல காலம் அப்படியே கிடந்தது. மச்சான் அந்தக் கதையைத் தன் வெற்றிகளில் ஒன்றாகவே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை? மாதா மாதம் ஆஸ்பத்திரியில் கிளினிக். கிளினிக் நெருங்கினால் தெருவின் வாசமே மாறும். சோறு வேகிற வாசம் போய்க் குரக்கன் புட்டும் பாவக்காயும் மணக்கும். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே பட்டினியும் பத்தியமுமாகக் கிடந்து, காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுப்பார்கள். டொக்டர் பார்த்துவிட்டு நல்லம் என்பார். மச்சான் அதில் தெருவுக்கே தலைவர். திரும்பி வரும்போது ஹோட்டலில் இறங்கிப் பால் தேத்தண்ணியில் இனிப்புப் பணிஸைத் தோய்த்து நிம்மதியாகச் சாப்பிடுவார். ஒருமுறை நானும் கூட இருந்தேன்.

"இப்பதானே மச்சான் டெஸ்ட் முடிஞ்ச."

"முடிஞ்சதாலதானே சாப்பிர்றன்."

எனக்குக் கோபம் வந்தது. சொன்னேன். அவர் பணிஸின் பாதியைப் பிய்த்து என் பக்கம் நகர்த்தினார். அவரோடு சண்டை பிடிக்கவே முடியாது. அதுதான் அவரிடம் இருந்த பெரிய கெடுதல்.

கார் கிழடாகிக்கொண்டே போனது. அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்ட காலம். வேறு வாங்க வழியில்லை, வைத்திருக்கிறதை ஓட்டவேண்டியதுதான். கடற்காற்று மேலே வெள்ளைப் பெயிண்டை ஒன்றும் செய்யவில்லை. அவர் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். உப்பு அடியில் வேலை செய்தது. ஓட்டுபவரின் இடது கால் வைக்கிற இடத்தில் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. கடையில் இருந்து ஒரு துண்டுத் தகரத்தை வெட்டி அதை மூடினார், மேலே கார்ப்பெட்டை விரித்தார். சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்க அடியில் ஒரு மறைப்புத் தகடு இருக்கும். அது துருப்பிடித்துக் கடகடவென்று ஆடத் தொடங்கியது. கராஜில் புதிதாக ஒன்று செய்து பூட்டலாம் என்றார்கள். மச்சான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார்.

"அது எதுக்கு இருந்ததாம் மச்சான்?"

"ஆருக்குத் தெரியும். புகைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. புகைய மட்டும்தான் பாப்பாங்க டீச்சர். அடிய ஆரும் குனிஞ்சு பாக்கமாட்டாங்க."

அந்த வருடம் சோதனை மாரி மழைக்குள் வந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறிக் காருக்குள் கார்ப்பெட் ஊறிவிட்டது. அதைக் கழற்றி மதிலில் போட்டிருந்தார். காய்வதாக இல்லை. வரிப் பத்திரத்துக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். அட்டாளைச்சேனையில் எனக்கு ஒரு சாமான் ஒப்படைக்க இருந்தது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "டீச்சர், சூடாக்கப் போறன், வாறீங்களா?"

போனேன். கார்ப்பெட் இல்லாத காரிலும் செருப்புக் கழற்றித்தான் ஏற வேண்டியிருந்தது. நிந்தவூர் தாண்டியதும் என் காலடி சுடத் தொடங்கியது. காலைத் தூக்கினேன், வைத்தேன், தூக்கினேன். கடைசியில் செருப்புப் பையைக் கீழே போட்டு அதற்கு மேல் காலை வைத்துக்கொண்டேன்.

"மச்சான், கீழ சரியாச் சுடுது."

"சுடட்டும். சுட்டாத்தான் பாஸ்."

"ஒங்கட பக்கம் சுடல்லியா?"

"எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

அவருடைய இடது கால் அந்தத் தகரத்தின் மேல் ராசா மாதிரி ஓய்வாகக் கிடந்தது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி செத்துப்போகும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு எழுதியிருப்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். "காலத் தூக்கி வைங்க மச்சான்," என்றேன். சிரித்துக்கொண்டே தூக்கினார். அடுத்த வளைவில் கால் தன் பாட்டுக்குப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சோதனையில் கார் பாஸ். எல்லைக்குள் நன்றாக உள்ளே. இத்தனை நாளில் அவ்வளவு நல்ல இலக்கம் வந்ததில்லை. கடதாசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கூரைக்குக் கீழே சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு என்னை நோக்கி நடந்து வந்தார். வலது கால் வைத்த இடம் காய்ந்திருந்தது. இடது குதிகால் வைத்த ஒவ்வொரு இடத்திலும் ஈரம்.

"பாருங்க டீச்சர். இலக்கம் இலக்கம் எண்டுவீங்களே, இந்தா இலக்கம்."

"மச்சான், ஒங்கட கால்."

நின்று, காரில் கையை ஊன்றி, காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். குதியில் தோல் இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வலிக்கல்லியே," என்றார். அவருக்கு அது நல்ல செய்தி.

வீட்டிலேயே மருந்து போட்டார்கள். மஞ்சள், ஏதோ ஒரு களிம்பு, துணிக்கட்டு. அடுத்த கிளினிக்குக்கும் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். இந்தமுறை கால்மேஸும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனார், கட்டு தெரியக்கூடாதென்று. ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாக ஒரு பெண் டொக்டர். இரத்தத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்குது," என்றவர், மூக்கைச் சுளித்துக் கீழே பார்த்தார்.

"சப்பாத்தக் கழட்டுங்க ஐயா."

"தேவல்ல டொக்டர்."

"கழட்டுங்க."

"சீனி பாஸ்தானே டொக்டர்?"

ஊரையெல்லாம் செருப்புக் கழற்ற வைத்த மனிதர், அந்தக் கதிரையில் இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கடைசியில் ராத்தாதான் குனிந்து கழற்றினாள். டொக்டர் வேறொரு இரத்தச் சோதனைக்கும் எழுதினார். மூன்று மாதத்தில் உடம்புக்குள் எவ்வளவு சீனி ஓடியது என்பதை அது சொல்லிவிடுமாம், இரண்டு நாள் பட்டினியால் அதை ஒன்றும் செய்ய முடியாதாம். வெளியே வந்ததும் மச்சான் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "அது நியாயமான டெஸ்ட் இல்ல டீச்சர்."

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பெரிய களைப்புத்தான் வந்தது.

குதிகாலில் தொடங்கியது மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். "ஓட்டோ கியர்தானே. அந்தக் காருக்கு இடது கால் தேவல்ல." ராத்தா தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த வருடம் புகைச் சோதனை வந்தபோது காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், லைசென்ஸ் எப்போதோ எடுத்து வைத்திருந்தது. கராஜுக்குப் போகவில்லை. அட்டாளைச்சேனைக்கும் விரட்டவில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை. இருந்தபடியே கொண்டுபோய் நிறுத்தினேன், ஃபெயில். திரும்பி வந்தபோது அவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார்.

"பாஸா டீச்சர்?"

"இல்ல மச்சான். ஃபெயில்."

கடதாசிக்குக் கையை நீட்டினார். பிறகு கேட்டார், "எவ்வளவு காட்டின?"

இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி. சொன்னேன். கடதாசியை வாங்கி, எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். எது எதைக் குறிக்கிறது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மாதிரி விளக்கினேன். கவனமாகக் கேட்டார். முடிந்ததும் கடதாசியைத் திருப்பித் தந்தார்.

"கராஜில அடியப் பாக்கச் சொல்லுங்க," என்றார். "அந்தத் தகரத்தக் கழட்டிப்போட்டு, ஒழுங்கா வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. மறைப்பும் பூட்டணும்."

அந்த வேலை முடிய நாள் எடுத்தது. முடிந்து புதுக் கார்ப்பெட்டும் விரித்து வந்த மறுநாள் அவருக்குக் கிளினிக். இப்போது மற்றக் காலைப் பார்ப்பதற்காகத்தான் போவது. இந்தமுறை பட்டினி கிடக்கவில்லை, முதல் நாளும் மற்ற நாட்களைப் போலச் சோறுதான் சாப்பிட்டார், கொஞ்சமாக. நானும் ராத்தாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்து அவரைப் பின்சீட்டில் பக்கவாட்டாக உட்கார வைத்தோம். நான் என் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ராத்தா அவருக்கு முன்னால் மணலில் குந்தி, இத்தனை வருடப் பழக்கத்தில், இருந்த ஒற்றைக் காலின் செருப்பைக் கழற்றக் கையை நீட்டினாள்.

மச்சான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். கிடக்கட்டும்."

ராத்தா விளங்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் போடுங்க டீச்சர். வெறுங்காலோட ஓட்டாதீங்க."

நான் பையில் இருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். ராத்தாவும் செருப்போடு ஏறினாள். அவர் தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். தட்டவில்லை. புதுக் கார்ப்பெட்டில் கடற்கரை மணல் உதிர்ந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார்.